மார்கழியில் ஓர் இரவு வேண்டும்

நம் மன்றத்துக்கு விழா எடுக்கத் தெரியும். அதை யாரும் மறுக்க முடியாது. தை பிறந்தால் போதும். அரங்கம் கிடைக்கிறது, ஒலிபெருக்கி வருகிறது, சிறப்பு விருந்தினர் வருகிறார், பொன்னாடை போர்த்தப்படுகிறது. மஞ்சள் கொத்துக்காகத் தில்லி நகரம் முழுவதும் அலைந்து, கடைசியில் எப்படியோ ஒன்றைக் கொண்டுவந்து பானையில் கட்டிவிடும் செயல்வீரர்கள் நம்மிடம் உண்டு. பறை முழங்குகிறது, பட்டிமன்றம் சிரிக்க வைக்கிறது. நன்றியுரை சொல்பவர் எழுந்து நிற்கும்போது பாதி நாற்காலிகள் காலியாகி, பந்தியில் நெருக்கடி தொடங்கியிருக்கும். இவையெல்லாம் நல்லவையே. ஆயிரம் கல்லுக்கு அப்பால் வந்து வாழ்கிறவர்களுக்கு, ஆண்டுக்கு ஒரு நாளாவது தம் மொழியை உரக்கப் பேசவும் கேட்கவும் வாய்ப்பு வேண்டும்.

ஆனால் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம். அந்த விழாவுக்கு வந்து, கடைசி வரிசையில் அமர்ந்து, பொங்கலை வாங்கி உண்டு, யாரிடமும் இரண்டு சொல் பேசாமல் அறைக்குத் திரும்பிய மாணவன் யார்? அவன் பெயர் நமக்குத் தெரியுமா? எந்தத் துறையில் படிக்கிறான், எந்த ஊரான், சென்ற ஆண்டு அவன் வீட்டில் என்ன நடந்தது என்று அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்? அடுத்த பருவத்தில் அவனது அறை காலியாக இருந்தால், "ஊருக்குப் போய்விட்டானாம், படிப்பு ஒத்துவரவில்லையாம்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த இரண்டு "ஆம்" இருக்கின்றனவே, அவை நம் அறியாமைக்கு நாமே இட்டுக்கொள்ளும் முத்திரைகள். அவனையே கேட்டிருந்தால் அந்த "ஆம்" வந்திராது.

விழா பெரியது, ஆகையால் அதில் சிறிய குரல் கேட்காது. அது விழாவின் குற்றம் அன்று, அதன் இயல்பு. சிறிய குரல் கேட்க வேண்டுமானால் சிறிய கூட்டம் வேண்டும். பொங்கலுக்கு மூன்று வாரங்களுக்கு முன்னால் ஆண்டின் மிக நீண்ட இரவு வருகிறது. அந்த இரவில் நம் மன்றத்தார் பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து, மேடை இல்லாமல், ஒலிபெருக்கி இல்லாமல் கூடி அமர வேண்டும். கழிந்த ஆண்டை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவர் சொல்ல மற்றவர் கேட்க வேண்டும். இதுவே நான் சொல்ல வந்த கருத்து. இதற்கு என்ன காரணம், இதில் என்ன இடையூறு, எப்படிச் செய்வது என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் அந்த இரவு?

டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாள் கதிரவன் தெற்கே தன் எல்லையைத் தொட்டுத் திரும்புகிறான். அன்று தில்லியில் பகல் ஏறத்தாழ 10 மணி 20 நிமிடம். மீதி 13 மணி 40 நிமிடமும் இரவு. அதே நாளில் சென்னையில் பகல் 11 மணி 20 நிமிடம். ஆக, சென்னையை விட ஒரு மணி நேரம் நீண்ட இரவை நாம் இங்கே கழிக்கிறோம். நண்பகலில் சென்னையில் அடிவானத்திலிருந்து 53 பாகை உயரத்தில் நிற்கும் கதிரவன், தில்லியில் 38 பாகையோடு நின்றுவிடுகிறான். மூடுபனி இறங்கிய நாளில் அதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கி, சில நாள்களில் நான்கையும் ஐந்தையும் தொடுகிறது.

முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தபோது மார்கழியையும் தையையும் முன்பனிக் காலம் என்றார்கள். வடக்கிலிருந்து வரும் காற்றுக்கு வாடை என்று பெயரிட்டார்கள். அந்த வாடை புறப்பட்டு வரும் திசைக்கே நாம் படிக்க வந்துவிட்டோம். திருநெல்வேலியிலும் நாகப்பட்டினத்திலும் கம்பளி என்பதைப் பெட்டிக்குள் மடித்து வைத்த பொருளாகவே கண்டவர்கள், இங்கே வந்த முதல் ஆண்டில் அதைக் கழற்ற அஞ்சுகிறார்கள். உடல் குளிருக்குப் பழகிவிடும். மாலை ஐந்தரை மணிக்கே இருட்டிப்போகும் நாளில், கதவை அடைத்துக்கொண்டு, கைப்பேசி ஒளியில் முகம் பார்த்துக் கிடக்கும் உள்ளம் பழகுவது அவ்வளவு எளிதன்று.

பத்துப்பாட்டில் நெடுநல்வாடை என்று ஒரு பாட்டு உண்டு, நக்கீரர் பாடியது. அது கூதிர்க் காலத்து வாடையைப் பற்றியது. அரண்மனையில் தனித்திருக்கும் அரசிக்கு அந்த வாடை நெடியதாகிறது. பாசறையில் இருக்கும் அரசனுக்கு நல்லதாகிறது என்று அதன் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். அரசன் அந்த நள்ளிரவில் என்ன செய்கிறான் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவன் உறங்கவில்லை. வாடை விளக்குச் சுடரை அலைக்கும் அந்த நேரத்தில் வெளியே வந்து, போரில் புண்பட்ட வீரர்களைப் போய்க் காண்கிறான். மன்றத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பொறுப்பேற்றிருக்கும் நண்பர்கள் அந்தக் காட்சியை ஒருமுறை படிக்க வேண்டும். வென்றவனுக்கு மாலை சூட்டுவது பகல் வேலை. புண்பட்டவனைப் போய்ப் பார்ப்பது இரவு வேலை. நம் மன்றம் பகல் வேலையை மட்டும் செய்து வருகிறது.

தை முதல் நாள் அன்றுதானே கதிரவன் வடக்கே திரும்புகிறான், பிறகு எதற்கு டிசம்பரைச் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தன. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலை சுழற்றுகிறது. அதனால் விண்மீன்களை வைத்துக் கணிக்கும் நம் ஆண்டும், பருவங்களை வைத்துக் கணிக்கும் ஆண்டும் ஏறத்தாழ 70 ஆண்டுக்கு ஒரு நாள் என விலகி வந்திருக்கின்றன. இன்று அந்த விலகல் 24 நாள். 1952இல் இந்திய அரசு நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்தது. வானியற்பியல் அறிஞர் மேகநாத சாகா அதன் தலைவர். குழு 1955இல் அறிக்கை தந்தது. 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அந்த நாட்காட்டியில் பௌஷ மாதத்தின் முதல் நாள் டிசம்பர் 22. வானத்தில் நடப்பதை ஒட்டியே மாதம் தொடங்கட்டும் என்று அறிஞர்கள் கருதியதன் விளைவு அது.

ஆகவே, பொங்கலை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொங்கல் தையிலேயே இருக்கட்டும். அது உழவின் விழா, அறுவடையின் விழா. ஆனால் இருள் தன் உச்சத்தை எட்டுவது மார்கழியில்தான். "தை பிறந்தால் வழி பிறக்கும்" என்று சொல்லிக்கொண்டு நேரே தைக்குத் தாவிவிடுகிறோம். வழி பிறக்கும் என்றால், அதற்கு முன் வழி தெரியாமல் நின்ற காலம் ஒன்று இருந்தது என்றுதானே பொருள்? அந்தக் காலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பொங்கல் நன்றி சொல்லும் நாள். எதற்கு நன்றி, யாருக்கு நன்றி என்று ஓர் இரவாவது உட்கார்ந்து கணக்குப் பார்த்த பிறகு சொல்லும் நன்றிக்கு எடை கூடும்.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

இந்த இரவை வெறுமனே உறங்கிக் கழிக்காத மக்கள் பலர். அவர்களில் சிலர் நம் விடுதிகளிலேயே இருக்கிறார்கள். காஷ்மீர நண்பர்களைக் கேளுங்கள். டிசம்பர் 21 முதல் 40 நாளைக்கு "சில்லை கலான்" என்பார்கள். குளிரின் கொடிய பகுதி அது. பிரன் என்னும் நீண்ட அங்கியும், அதற்குள்ளே காங்ரி என்னும் கணப்புச் சட்டியுமாக அந்த நாற்பது நாளைக் கடப்பார்கள். குளிருக்குப் பெயர் வைத்து, நாள் எண்ணி, முடிவையும் குறித்து வைத்திருக்கிறார்கள். பெயரும் முடிவும் உள்ள துன்பம் தாங்கத் தக்கது.

பாரசீக மொழி பயிலும் நண்பர்களையோ ஆப்கானிய மாணவர்களையோ கேட்டால் "யல்தா" இரவைப் பற்றிச் சொல்வார்கள். ஆண்டின் மிக நீண்ட அந்த இரவில் குடும்பத்தார் மூத்தவர் வீட்டில் கூடுகிறார்கள். மாதுளையும் தர்ப்பூசணியும் உண்கிறார்கள். பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் ஹாபிஸின் நூலைக் கண்மூடித் திறந்து, கிடைத்த பாட்டைப் படித்துப் பொருள் சொல்லி மகிழ்கிறார்கள். ஈரானும் ஆப்கானிஸ்தானமும் சேர்ந்து கேட்டதன்பேரில் 2022இல் யுனெஸ்கோ இந்த வழக்கத்தை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. சீனத்திலும் இந்தத் திருப்பு நாளில் குடும்பம் ஒன்றுகூடி உண்கிறது.

இவற்றைப் பார்த்து நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. மாதுளை வாங்கி வைத்தால் மட்டும் நாம் பாரசீகர் ஆகிவிட மாட்டோம். இருள் மிகுந்த இரவில் மனிதன் தனித்திருக்கலாகாது என்பதைப் பல மக்கள் தாமாகவே கண்டறிந்தார்கள் என்பதற்காகவே இவற்றைச் சொன்னேன்.

வாசலில் நின்று அழைத்தல்

நம்மிடம் அப்படி ஒன்றும் இல்லையா? இருக்கிறது. மார்கழி என்றாலே நினைவுக்கு வரும் பாவைப் பாட்டுகளை எண்ணிப் பாருங்கள். நம்பிக்கை உடையவர் பக்தியோடு பாடட்டும். நம்பிக்கை இல்லாதவர் இலக்கியமாகப் படிக்கட்டும். இரு சாராரும் காணத்தக்க ஒன்று அவற்றில் உண்டு. ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாட்டு. அவற்றுள் ஆறாம் பாட்டு முதல் பதினைந்தாம் பாட்டு வரை பத்துப் பாட்டும் ஒரே செயலைப் பற்றியவை: தோழியின் வீட்டு வாசலில் நின்று அவளை எழுப்புதல். மாணிக்கவாசகரின் திருவெம்பாவையும் அப்படியே தோழியரை எழுப்பித்தான் தொடங்குகிறது.

வழிபடப் போகிறவர்கள் நேரே போகலாமே! நோன்புக்கு வராதவள் வராமல் போகட்டும் என்று விட்டுவிடலாமே! அப்படி விடவில்லை. முப்பதில் மூன்றில் ஒரு பங்கை, வராதவளை அழைப்பதற்கே கொடுத்திருக்கிறார்கள். ஒருத்தி உறங்குகிறாள், ஒருத்தி மறுமொழி சொல்லவில்லை, ஒருத்தி உள்ளிருந்தே வாதாடுகிறாள். பதினைந்தாம் பாட்டு முழுவதும் உள்ளே இருப்பவளுக்கும் வெளியே நிற்பவர்களுக்கும் நடக்கும் உரையாடல். சலிக்காமல் நின்று பேசுகிறார்கள். மார்கழி டிசம்பர் 16ஐ ஒட்டிப் பிறக்கிறது; நாளுக்கு ஒரு பாட்டாகப் பாடும் வழக்கத்தில், எழுப்பும் பாட்டுகள் தொடங்குவது மிக நீண்ட இரவை ஒட்டித்தான். இது தற்செயலாக அமைந்த பொருத்தமாகவே இருக்கட்டும். நமக்கு நல்ல குறிப்பு.

இன்று நாம் எப்படி அழைக்கிறோம்? வாட்ஸப் குழுவில் ஓர் அறிவிப்பு. அதன் கீழே இருபது கைகூப்பும் பொம்மைகள். அவ்வளவுதான். "எல்லாருக்கும் சொல்லிவிட்டோமே" என்று நமக்கு ஆறுதல். எல்லாருக்கும் சொன்னது உண்மை. யாரையும் அழைக்கவில்லை என்பதும் உண்மை. அறிவிப்பைக் கண்டு வருகிறவன் எப்படியும் வருகிறவன். தயங்குகிறவனுக்கு அந்த அறிவிப்புத் தன் பெயர் இல்லாத கடிதம். மாடிப்படி ஏறிப்போய், கதவைத் தட்டி, "தம்பி, நாளை மாலை என் அறைக்கு வா, பத்துப் பேர்தான், நீ வந்தால்தான் கணக்குச் சரியாகும்" என்று சொல்லிப் பாருங்கள். மறுப்பவர் சிலர் இருப்பார்கள். ஆனால் மறுத்தவனும், தன் கதவு தட்டப்பட்டதை மறக்க மாட்டான்.

எதிர்ப்பும் விடையும்

இந்தக் கருத்தை நண்பர்களிடம் சொன்னால் எழக்கூடிய எதிர்ப்புகள் சில உண்டு. அவற்றை ஒதுக்கிவிடாமல் பார்ப்போம்.

"மார்கழி என்றால் சமயம் வந்துவிடுமே, மன்றத்தில் எல்லாச் சமயத்தாரும் இருக்கிறார்கள், சமயமே வேண்டாதவரும் இருக்கிறார்கள்" என்பது முதல் எதிர்ப்பு. நீண்ட இரவு எந்தச் சமயத்துக்கும் உரிமையானது அன்று. கதிரவன் தெற்கே போய்த் திரும்புவதற்கு யாருடைய மந்திரமும் தேவைப்படவில்லை. அந்தக் கூட்டத்தில் பொதுவான வழிபாடு எதுவும் இருக்கக் கூடாது. ஒருவர் தம் முறை வரும்போது தம் நெஞ்சுக்கு உகந்த ஒன்றைப் பாட விரும்பினால் பாடட்டும். அது பாவையாக இருக்கலாம், கிறிஸ்து பிறப்புப் பாட்டாக இருக்கலாம், நாகூர் அனிபாவின் பாட்டாக இருக்கலாம், பாரதிதாசன் கவிதையாகவும் இருக்கலாம். மற்றவர் கேட்பார்கள். கேட்பதனால் யாருடைய கொள்கையும் தேய்ந்துபோகாது.

இரண்டாவது எதிர்ப்பு இதைவிடக் கூரியது. "சிறு கூட்டம் என்றால் அவரவர் தமக்கு வேண்டியவரோடு சேர்ந்துகொள்வார்கள், ஊர்க்காரர் ஒரு பக்கம், துறைக்காரர் ஒரு பக்கம், வெளியே சொல்லாத சாதிக் கணக்கு இன்னொரு பக்கம்" என்பது. இது முற்றிலும் உண்மை. பெரிய விழாவில் இந்தப் பிரிவுகள் கூட்டத்தில் மறைந்துவிடுகின்றன. சிறு கூட்டத்தில் அவை வெட்ட வெளிச்சமாகும். ஆகவே யார் யாரோடு அமர்வது என்பதை விருப்பத்துக்கு விடலாகாது. சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். முதுகலையும் இளங்கலையும், ஆய்வு மாணவரும் முதலாண்டும், கோவையும் குமரியும் சீட்டு விழுந்தபடி கலந்து அமரட்டும். உடன் பிறந்து வளர்ந்தவர்களோடு மனம் திறப்பது பெரிய காரியம் அன்று. சீட்டில் வந்தவனோடு ஒரு மாலை அமர்ந்து அவன் சொல்வதைக் கேட்பதுதான் மன்றம் என்ற சொல்லுக்கு ஏற்ற செயல்.

மூன்றாவது, மாணவியர் பற்றியது. நம் விழாக்கள் ஆறு மணி என்று அச்சிட்டு ஏழரைக்குத் தொடங்குகின்றன. பல விடுதிகளில் மாணவியருக்கு இரவில் திரும்ப வேண்டிய நேரம் குறித்திருக்கிறார்கள். நிகழ்ச்சி சூடுபிடிக்கும் நேரத்தில் அவர்கள் எழுந்து போக வேண்டியிருக்கிறது. அந்த விதி சரியா, இருபாலாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டாமா என்று வாதாட வேண்டியதுதான். அதை வேறொரு கட்டுரையில் வாதாடுவோம். இந்தக் கூட்டத்துக்கு மட்டும் கதிரவனே உதவி செய்கிறான். டிசம்பர் 21 அன்று தில்லியில் மாலை ஐந்தரைக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. ஐந்தரைக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடித்துவிடலாம். நீண்ட இரவு என்பதற்காக நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டும் என்பதில்லை. யாரும் பாதியில் எழுந்து போகக் கூடாது. அதற்கேற்ப நேரம் அமைய வேண்டும். இருபாலாரும் சேர்ந்து அமர விடுதி அறை இடந்தராவிட்டால் துறையின் வகுப்பறை ஒன்றைக் கேட்டு வாங்கலாம்.

"தேர்வுக் காலமாயிற்றே" என்பார்கள் சிலர். பருவத் தேர்வு அந்த வாரத்தில் வந்தால் ஒரு நாள் முன்பின்னாக வைத்துக்கொள்ளலாம், வானம் கோபித்துக்கொள்ளாது. ஆனால் தேர்வைக் காட்டி அடியோடு விட்டுவிடலாகாது. இரண்டரை மணி நேரத்தில் ஒருவன் தேர்ச்சி கெட்டுவிடுவதில்லை. படிப்பில் பின்தங்கி அதை யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கிறவனுக்கு, "எனக்கும் முதற்பருவத்தில் இரண்டு தாள் போயிற்று" என்று மூத்த மாணவர் ஒருவர் சொல்லக் கேட்பது பயிற்சி வகுப்பைவிட உதவும்.

எப்படி நடத்துவது?

செலவு அதிகம் வேண்டாம். குளிர்காலத் தில்லியே விருந்து வைத்திருக்கிறது. தெருமுனையில் வறுத்த வேர்க்கடலை கிடைக்கிறது. எள்ளையும் வெல்லத்தையும் சேர்த்துத் தட்டிய கஜக் கிடைக்கிறது. நம் எள்ளுருண்டைக்கு அது வடநாட்டு உறவினர். தள்ளுவண்டியில் கரியில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். யாரேனும் ஊரிலிருந்து கருப்பட்டியும் சுக்கும் கொண்டுவந்திருந்தால் சுக்குக் காப்பி ஆயிற்று. ஒவ்வொருவரும் கையில் கிடைத்ததைக் கொண்டுவரட்டும். கொண்டுவராதவரைக் கேட்க வேண்டாம். மூத்தவர் பரிமாற வேண்டும். முதலாண்டு மாணவரை ஏவக் கூடாது. கடைசியில் கோப்பை கழுவுவதற்கும் சீட்டுப் போடலாம்.

நெருப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குளிருக்கு நெருப்பு மூட்டும் ஆசை இயல்பானது. ஆனால் அடைத்த அறைக்குள் கரிக் கணப்பு வைக்கவே கூடாது. வட நாட்டில் குளிர்காலந்தோறும் இப்படிக் கணப்பு வைத்து உறங்கி உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்தி வருகிறது. கரி எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வந்தது தெரியாமலே உயிரைக் கொண்டுபோகும். குளிர்நாட்டு வழக்கம் அறியாத நம்மவர் இதை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். வெளியே சொக்கப்பனையோ போகித் தீயோ மூட்டவும் வேண்டாம். தில்லிக் காற்று ஏற்கெனவே மூச்சு முட்டிக் கிடக்கிறது. குப்பை எரிக்கத் தடையும் உண்டு. 2018இல் போகிப் புகை மூண்டு சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் தவித்தன. ஒரு விளக்குப் போதும். பத்துப் பேர் நெருங்கி அமர்ந்தால் அறை தானே வெதுவெதுப்பாகும்.

கைப்பேசிகளை வாசலருகே ஒரு பெட்டியில் போட்டுவிடலாம். வீட்டிலிருந்து அழைப்பு வரும் என்று காத்திருப்பவர் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். படம் எடுக்க வேண்டாம். படம் எடுப்பது என்று வந்துவிட்டால் முகம் மேடைக்குப் போய்விடும்.

பிறகு ஒவ்வொருவராகப் பேசலாம். இரண்டு கேள்விகள் போதும். "இந்த ஆண்டில் உனக்குப் பாரமாக இருந்தது எது? அதைத் தாங்க உனக்குத் துணை நின்றது யார்?" முதற் கேள்விக்கு விடை சொல்ல விரும்பாதவர் இரண்டாவதற்குச் சொல்லலாம். இரண்டிற்கும் சொல்ல விரும்பாதவர் கடலை உரித்துக்கொண்டிருக்கலாம். அவரை வற்புறுத்துதல் ஆகாது. பேசுகிறவருக்கு நடுவில் யாரும் அறிவுரை சொல்லக் கூடாது. இந்த ஒரு விதியைக் காப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். நமக்கு அறிவுரை என்பது தும்மல் போல, அடக்க முடிவதில்லை. அடக்கித்தான் ஆக வேண்டும். தந்தையை இழந்தவன் அதைச் சொல்லும்போது, "மனத்தைத் தேற்றிக்கொள்" என்பதைவிட, கோப்பையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றுவது மேல். அங்கே சொன்னவை அங்கேயே இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே எல்லாரும் வாக்குத் தர வேண்டும். அதே சமயம், ஒருவர் உயிரையே வெறுத்துப் பேசுவதாகத் தெரிந்தால் அன்று அவரைத் தனியே அறைக்கு அனுப்பக் கூடாது, உடனிருக்க வேண்டும், பல்கலைக் கழக மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அவரோடு கூடவே போக வேண்டும். அந்த இடத்தில் மட்டும் இரகசியத்தைவிட உயிர் பெரிது.

தமிழ் அறியாத அறைத் தோழரை அழைத்துவரலாமா? தாராளமாக. அவர் இருக்கும்போது தமிழிலேயே பேசலாமா? பேசலாம், பக்கத்தில் இருப்பவர் மெல்ல மொழிபெயர்த்துச் சொல்லட்டும். தன் மனத்தின் ஆழத்தில் கிடப்பதைத் தாய்மொழியில் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தானே தொலைதூரப் பல்கலைக் கழகத்தில் தமிழ் மன்றம் வைத்தோம்? வகுப்பில் ஆங்கிலம், உணவுக் கூடத்தில் இந்தி, மேடையில் செந்தமிழ். மூன்றும் ஒருவகையில் வேடம்தான். அம்மாவிடம் பேசும் தமிழில் ஒருவன் தன் துன்பத்தைச் சொல்ல நம்மிடம் இன்னும் இடம் இல்லை.

என்ன பயன்?

இதனால் பெரிய மாறுதல் வந்துவிடுமா என்று கேட்கலாம். வீட்டுக் கடன் தீர்ந்துவிடாது, கல்வி உதவித்தொகை விரைந்து வந்துவிடாது, குளிரும் குறைந்துவிடாது. தில்லிக்கும் சென்னைக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 2,200 கிலோமீட்டரில் ஒரு கிலோமீட்டரும் சுருங்காது. பொங்கலுக்கு ஊருக்குப் போக முடியாதவன் போக முடியாதவனாகவே இருப்பான். ஆனால் அந்த வளாகத்தில் தன் கதையை அறிந்த ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். பொங்கல் விழாவில் கடைசி வரிசையில் அவன் அமர்ந்திருந்தால், முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து போய் அவன் பக்கத்தில் அமர்வார். ஒரு வாரம் அவனைக் காணவில்லை என்றால் யாரேனும் கேட்பார்கள். படிப்பை விட்டுப் போக நினைக்கிறவன், போகும் முன் ஒருவரிடமாவது சொல்வான். சொன்னவர்களில் சிலர் நின்றுவிடுவார்கள். சிலர் போகத்தான் செய்வார்கள். அவர்களும் விடை பெற்றுக்கொண்டு போவார்கள்.

அத்துணை பயனுக்கு நாம் செலவிடப்போவது இரண்டரை மணி நேரமும் சில படி வேர்க்கடலையும்தான். கார்த்திகை முடிவதற்குள் செயற்குழு கூடி நாளைக் குறிக்கட்டும். அதற்குள் பெயர்ச் சீட்டுகளை எழுதி வைத்துவிடலாம். செயற்குழு கூடத் தாமதமானாலும் குற்றம் இல்லை. நம் விடுதியில், நம் மாடியில், நாம் இதுவரை பேசாத ஒருவருடைய அறை இருக்கிறது. அந்தக் கதவைத் தட்டுவதற்குத் தீர்மானம் எதுவும் நிறைவேற்ற வேண்டியதில்லை.